மேய்க்கால் நிலம்: தென்னார்க்காட்டு ஆட்டுக்காரரின் பட்டாவில்லா அனுபோகம்

செஞ்சி மலைகளுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, திண்டிவனம், விழுப்புரம், வளவனூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் செம்மண் மேடுகளிலும், ஏரி உள்வாய்களிலும், ஆற்றோரத் தரிசுகளிலும், பட்டாவோ குத்தகைச் சீட்டோ சாசனமோ இன்றித் தலைமுறை தலைமுறையாகச் செம்மறியாடு மேய்த்து வந்தவர்கள் அந்நிலங்களை அனுபவித்த முறையும், அவ்வனுபோகத்தை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் சர்க்காரும் அதற்குப் பின் வந்த ஆட்சிகளும் நடத்திய விதமும் இங்கே கூறப்படும். இம்மேய்ப்பர்களுள் பெரும்பாலோர் கோனார் என வழங்கும் இடையர். கம்பளி நெய்தலையும் ஆடு வளர்த்தலையும் சேர்த்துச் செய்த குறும்பர் சில இடங்களில் இருந்தனர். எவ்வினத்தவராயினும் ஊரார் வாயில் அவர்கள் ஆட்டுக்காரர்தாம்.

பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிகளுள் இடையர்மீது விதிக்கப்பட்ட இடைப்பூட்சி ஒன்று. ஆகவே புல்லை நம்பிப் பிழைத்தவனும் அரசனுக்கு இறுத்தே வந்தான் என்பது தெளிவு. சோழர் காலத்தில் ஆட்டுக்கும் கோயிலுக்கும் ஏற்பட்ட பிணைப்பு கல்வெட்டுகளில் மிக விரிவாகக் காணப்படுவதால், அதைச் சற்று நின்று பார்த்தல் தகும். நந்தா விளக்கு ஒன்று எரிக்க விரும்பியவர் 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார் (90 ஆடு என்னும் கணக்கும் பல ஊர்களில் உண்டு); அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கக் கடமைப்பட்டவன். கிழடு கழியக் குட்டி பெருக, மந்தையின் எண்ணிக்கை என்றும் குறைவதில்லை என்னும் கருத்தில் இவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஒரு மந்தையை முதலாகவும் நெய்யை வட்டியாகவும் வைத்து அறக்கட்டளை நடத்திய அந்த ஏற்பாட்டின் நுட்பத்தை வியவாமல் இருக்க முடியாது. இதே காலத்துச் சாசனங்களில், ஊருக்குள் வரி நீங்கிய நிலங்களை எண்ணுமிடத்து, ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றோடு கன்று மேய்பாழும் எண்ணப்படுகிறது. ஆகவே ஆடு இன்னார் பொறுப்பில் இருந்தது என்று கல்லில் பெயரோடு எழுதப்பட்டது. மேய்ச்சல் தரையோ எவர் பெயரிலும் எழுதப்படாமல் ஊருக்குப் பொதுவாகவே நின்றது. பிற்காலத்து வழக்குகள் பலவற்றுக்கு வித்து இவ்வேறுபாட்டிலேயே கிடக்கிறது எனலாம்.

மேய்ப்பர்களே நிலத்துக்கு முதல் உரியவராய் இருந்தனர் என்று கூறும் இரண்டு ஐதிகங்களை இங்கே குறிப்பிட வேண்டும். தொண்டைமண்டலத்தைக் குறும்பர் ஆண்டனர், அவர்கள் கோட்டைகளை ஆதொண்டன் வென்றான் என்பது கர்னல் மெக்கன்ஸி தொகுத்த ஏடுகளில் விரிவாகக் காணப்படுவது. இதற்குக் கல்வெட்டுச் சான்று போதாமையால் ஆராய்ச்சியாளர் பலர் இதனை வரலாறாக ஏற்கத் தயங்குவர். மற்றொன்று செஞ்சியைப் பற்றியது. கும்பினி ஆட்சியின் தொடக்கத்தில், மக்லியட் என்னும் அதிகாரியின் விருப்பத்திற்கிணங்க நாராயணன் என்பவர் தொகுத்த 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் நூல், ஆனந்தக் கோன் என்னும் இடையர் மந்தை மேய்க்குங்கால் மலைச்சரிவில் புதையல் கண்டார் என்றும், ஏறத்தாழ 1190ஆம் ஆண்டில் அங்கே கோட்டை கட்டி ஆனந்தகிரி எனப் பெயரிட்டார் என்றும், அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் வடக்கு மலையில் கிருஷ்ணகிரிக் கோட்டையை எழுப்பினார் என்றும் கூறும். செஞ்சி வரலாற்றை 1943இல் எழுதி வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியார் இக்கதையை எடுத்துக் கூறியுள்ளாரேனும், ஆண்டுகளையும் பெயர்களையும் முற்றும் நம்புவதற்கு வேண்டிய துணைச் சான்றுகள் குறைவே. புதையல் கதை எவ்வாறாயினும், பட்டயம் எதுவுமின்றி மலையைப் பிடித்த ஆட்டுக்காரர் அரசரானார் என்பதை இந்நாட்டார் இயல்பாகவே நம்பினர் என்பது மட்டும் புலனாகும்.

விஜயநகரத்தார், நாயக்கர், பீஜாப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், ஆர்க்காட்டு நவாபு ஆகியோர் செஞ்சிச் சீமையை அடுத்தடுத்து ஆண்டனர்.

ஆங்கிலக் கும்பினி இப்பகுதியில் நிலம் பெற்ற விதம் சுவையானது. 1690இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி சுட்டால் குண்டு விழும் எல்லைக்குள் அடங்கும் ஊர்களும் சேர்ந்தவை என்று பேசி முடித்தனர். அவ்வாறு கும்பினிக்குச் சேர்ந்த கடலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. பிற்காலத்தில் ஏழை உழவனிடமும் ஆட்டுக்காரனிடமும் பாத்தியதைக்குப் பத்திரம் எங்கே என்று கேட்ட சர்க்காருக்கே முதல் எல்லையை அளந்து கொடுத்தது பீரங்கி மருந்துதான்.

1801 ஜூலை 31ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபு அசீம் உத்தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், நவாபின் சீமையாகிய கர்நாடகம் முழுவதும் கும்பினி ஆளுகைக்கு உட்பட்டது. கிராமக் குத்தகை முறை சில காலம் நடந்தபின், தாமஸ் மன்றோ சென்னைக் கவர்னராக இருந்த 1820 முதல் 1827 வரையிலான ஆண்டுகளில் ரயத்வாரி முறை நிலைபெற்றது. அம்முறையில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கும்; பட்டாதாரர் வேண்டாத நிலத்தை ராஜினாமாச் செய்யலாம்; தரிசு வேண்டுமென்றால் தர்க்காஸ்து கொடுத்துக் கேட்கலாம். தர்க்காஸ்து கொடாமலே தரிசில் ஏர் பூட்டி விதைத்தவன் நிலத்தை என்ன செய்வது? ஊர்க் கணக்கரான கர்ணம் அதைச் சிவாய்ஜமா என்று தனியே எழுதித் தீர்வை வாங்கிக்கொண்டார். பட்டா இல்லையாயினும், ஆண்டுதோறும் தீர்வை கட்டிய ரசீது சிவாய்ஜமாக்காரனிடம் சேர்ந்துகொண்டே வந்தது; நாளடைவில் அதுவே அவன் பாத்தியதைக்கு ஆதாரமாகிப் பல இடங்களில் பட்டாவாகவும் மாறியது. ஆட்டுக்காரனுக்கோ இவ்வழி திறக்கவில்லை. அவன் மந்தை நிலத்தைத் தொட்டது உண்மை. ஆனால் உழவில்லை, பயிரில்லை, ஆகவே கிராமப் பயிர்க்கணக்கான அடங்கலில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நிலத்தில் வாழ்வதற்கு ஏரின் தடத்தை அடையாளமாகக் கொண்ட கணக்கு முறை குளம்பின் தடத்தை அடையாளமாகக் கொள்ளவில்லை. அனுமதியில்லாமல் உழுதவன் அதன்பின் நூறாண்டு ரிகார்டுகளில் நிறைந்து நிற்க, அனுமதியில்லாமல் மேய்த்தவன் அவற்றில் அரிதாகவே தென்படுவதற்குக் காரணம் இதுவே.

ஆட்டுக்காரர் உழவருக்கு வேண்டாதவராய் இருந்தனர் என்று இதனால் எண்ணிவிடலாகாது. அறுவடை முடிந்த தை மாசியிலிருந்து முதல் மழை வரையில் கிடை மறிப்பது இந்நாட்டுப் புன்செய் நன்செய் இரண்டுக்கும் உயிர்நாடியாக இருந்தது. பகலெல்லாம் தரிசிலும் ஏரிக்கரையிலும் அறுத்த தாளடியிலும் மேய்ந்த மந்தையை அந்தி சாயும் வேளையில் பேசி வைத்த வயலில் கொண்டு வந்து, படல் வளைத்து அடைப்பர். மறுநாள் இரவு படலைப் பிடுங்கிப் பக்கத்தில் நடுவர். இவ்வாறு நாளுக்கொரு கட்டம் நகர்ந்து ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட், முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் ஊறியபின் அடுத்த வயலுக்குச் செல்வர். ஆட்டெரு போட்ட அவ்வாண்டிலேயே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில்தான் பேசும் என்பது உழவர் அநுபவம். கூலி தானியமாக அளக்கப்படும். சில இடங்களில் ஆட்டுக்காரருக்கு இராச் சோறும் உண்டு. துரட்டி, கம்பளி, படல், நாய் ஆகிய இவ்வளவே அவர்களுடைய ஆஸ்தி. கோடையில் வேல மரக் காய்களைத் துரட்டியால் உலுக்கி விடுவதும், இளங்குட்டிகளைக் கூடையால் கவிழ்த்து மூடி வைப்பதும், மழைக்காலத்தில் நாடெங்கும் பயிர் நிற்கும்போது மந்தையைச் செஞ்சிப் பக்கத்து மலையடிவாரங்களுக்கு ஓட்டிச் செல்வதும் வழக்கம். உழவன் பட்டாதாரன், ஆட்டுக்காரன் அவன் வயலுக்கு எரு கொடுப்பவன். இருவருக்கும் இடையே வாய்ப்பேச்சைத் தவிர வேறு எழுத்து இருந்ததில்லை. தென்பாண்டிக் கரிசல் நாட்டுக் கிடைக்குக் கி. ராஜநாராயணனின் 'கிடை' போன்ற எழுத்து அமைந்தது. தென்னார்க்காட்டுக் கிடைக்கு அத்தகைய பேறு அமையவில்லை.

ரயத்வாரி முறை இங்கே நிலைபெற்ற அதே காலத்தில் ஆங்கிலேயரின் மற்றொரு குடியேற்றமான ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் நடந்ததை ஒப்பிட்டு நோக்கின், இந்நிலைமை நன்கு விளங்கும். அங்கே குடியேறுதற்குரிய எல்லையென 1829இல் 19 மாவட்டங்களை வரையறுத்த சர்க்கார், அதற்கு அப்பால் போகலாகாதென்று தடுத்தது. ஆயினும் ஸ்குவாட்டர் எனப்பட்ட ஆட்டுப் பண்ணையாளர் ஆயிரக்கணக்கான மெரினோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு எல்லை கடந்து, கண்ட புல்வெளிகளைத் தமதென்று பிடித்துக்கொண்டனர். தடுக்க முடியாமற்போன சர்க்கார் 1836இல் ஆண்டுக்கு 10 பவுன் லைசென்ஸ் கட்டணம் விதித்து அவர்களை ஏற்றுக்கொண்டது. 1847இல் உட்பகுதிகளில் 14 ஆண்டு வரையில் குத்தகையும், பின்னர் விலைக்கு வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையும் அளித்தது. சட்டத்தை மீறிப் புகுந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் சட்டசபையில் அமர்ந்து சட்டம் செய்வோராயினர். சிறு உழவர்க்கும் நிலம் கிடைக்க வழி செய்யும் ராபர்ட்ஸன் சட்டங்கள் 1861இல் வந்தபோதும் அவர்களை அசைப்பது எளிதாக இல்லை. அந்நிலங்களின் பழங்குடிகளுக்கோ இது பேரழிவாயிற்று. 1838இல் மயால் கிரீக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 28 பழங்குடியினரைக் கொன்ற குற்றத்துக்காக 7 பேர் தூக்கிலிடப்பட்டது விதிவிலக்கு என்றே சரித்திரக்காரர் கூறுவர். நிலம் எவருக்கும் உரியதன்று என்னும் பழைய கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தள்ளியது 1992இல்தான். இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்குண்டு: ஜான் மக்ஆர்தர் 1790களில் தொடங்கிய மந்தையில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த வங்காள ஆடுகள் இருந்தன, 1837ஐ ஒட்டி வங்கத்திலிருந்து கூலிகளும் மேய்ப்பர் வேலைக்கு அங்கே அனுப்பப்பட்டனர்.

ஆங்கிலேயர் ஆண்ட இரு நாடுகளில், ஒரே தொழில் செய்தவருக்கு இத்தனை வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? மேய்ப்பனின் நிறமும் செல்வாக்கும் ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது. அதனினும் அடிப்படையான காரணம் ஆட்டின் முதுகிலேயே இருந்தது எனத் தோன்றுகிறது. மெரினோ ஆட்டின் ரோமம் இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் சென்றது. அந்த ரோமத்தின்மீது வங்கிகள் கடன் கொடுத்தன. கடன் கொடுத்தவர் ஸ்குவாட்டரின் பாத்தியதை நிலைக்க வேண்டுமென்று லண்டனில் வாதாடினர். தென்னார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் உள்ள சிவப்புச் செம்மறி ரோமம் தராத இனம். அதன் பயன் எரு, இறைச்சி, தோல். எரு உள்ளூர் வயலிலேயே கரைந்து போயிற்று. சென்னையில் பதனிட்டுச் சீமைக்கு ஏற்றுமதியான தோலில் கிடைத்த இலாபம் மண்டி வியாபாரியைச் சேர்ந்தது. ஆட்டுக்காரனுக்காக வாதாட எந்த வங்கியும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேய்க்கால் நிலம் பல பக்கங்களிலும் சுருங்கலாயிற்று. இதற்குரிய ஆவணங்கள் மற்றக் காலங்களைவிட மிகுதி. 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரில் புகுந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்ப் பவுண்டு என்னும் கால்நடைப் பட்டியில் அடைத்தால் தலைக்கு இவ்வளவு என அபராதம் கட்டி மீட்க வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மனிதரோடு கால்நடைகளும் மடிந்தன. 1879இல் விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாகத் திண்டிவனம், விழுப்புரம் தாலுகாக்களின் செம்மண் மேடுகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பரவியது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்ற கடலையில் பெரும்பகுதி இத்தாலுகாக்களில் விளைந்ததே. கம்பும் வரகும்கூடச் சரியாக விளையாதென்று விட்டிருந்த மேட்டுத் தரிசுக்கு விலை ஏற்பட்டவுடன், சிவாய்ஜமாவாக ஏர் பூட்டுவோர் பெருகினர். கடலை பிடுங்கியபின் கொடி ஆட்டுக்கு நல்ல தீனி என்பது உண்மையாயினும், அது உழவன் விட்டுக் கொடுத்தால்தான் கிடைக்கும். முன்போல் கேளாமல் மேய்க்கக்கூடிய புல் அன்று.

மலைப் பக்கத்தில் வந்த மாற்றம் இதைவிடக் கடுமையானது. காடுகளை ரிசர்வ் ஆக்கும் திட்டம் முதலில் எழுந்தபோது, 1871இல், சென்னை ரெவினியூ போர்டே அதனை எதிர்த்தது; இம்மாகாணத்தில் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு மிக அரிது என்றும், கிராமத்தார் நெடுங்காலமாக அவற்றில் மேய்ச்சலும் விறகும் பெற்று வந்திருக்கின்றனர் என்றும் அப்போர்டு எழுதிற்று. ஒரு சர்க்கார் அலுவலகம் குடிகளின் எழுதப்படாத உரிமைக்காக இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அக்காலத்தில் அபூர்வம். ஆயினும் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் காட்டிலாகா வல்லுநர் சென்னைக்கு வந்து ஆராய்ந்ததை அடுத்து, 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் நிறைவேறியது. காடு எனக் குறிக்கப்பட்ட இடத்தில் உரிமை கோருவோர் குறித்த கெடுவுக்குள் காட்டு செட்டில்மெண்டு அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடாதவர் உரிமை அற்றுப்போம். பருவத்துக்கொரு திசையில் மந்தையோடு நடப்பவனுக்குத் தாலுகா கச்சேரியில் ஒட்டிய விளம்பரம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அதன்பின் செஞ்சி மலைச்சாரலில் மேய்ச்சல், பர்மிட்டுக்குக் கட்டணம் செலுத்திப் பெறும் சலுகையாயிற்று. வெள்ளாடு காட்டுக்குப் பகையென்று பெரிதும் விலக்கப்பட்டது, செம்மறிக்கு ஓரளவு இடம் கொடுக்கப்பட்டது.

செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்க 1892இல் சென்னைச் சர்க்கார் ஆணையிட்டது. பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. ஒதுக்கிய தரிசு சில ஊர்களில் மேய்க்காலாகவும் இருந்ததால், நிலமே இல்லாத கூலியாளுக்கும் எழுத்தில்லாத மேய்ப்பனுக்கும் இடையே உரசல் ஏற்பட்டது என்பர் சிலர். மேய்க்கால் கெடும் என்ற ஆட்சேபத்தைப் பெரும்பட்டாதாரர்களே தங்கள் வசதிக்காகக் கிளப்பினர் என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு, பின்னதே மிகுதியாயிருக்கக்கூடும்.

1905ஆம் ஆண்டின் 3ஆவது சட்டமாகிய நில ஆக்கிரமிப்புச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதுவரை சர்க்கார் நிலத்தில் புகுந்தவரிடம் தண்டத் தீர்வை வாங்குவது வெறும் வழக்கமாக நடந்துவந்தது. அதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்னும் ஐயம் எழுந்ததாகச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. தனியார் உடைமையென நிறுவப்படாத சாலை, ஆறு, ஏரி, தரிசு யாவும் சர்க்கார் சொத்து என்று முதலில் சாற்றி, பிறகு தீர்வை, அபராதம், நோட்டீஸ், வெளியேற்றம் என்று அச்சட்டம் படிப்படியாகச் செல்லும். பி மெமோ என்று இன்றும் கிராமத்தார் நாவில் வழங்கும் சீட்டு இச்சட்ட நடைமுறையைச் சேர்ந்தது. விசித்திரம் யாதெனில், ஆக்கிரமிப்பாளன் என்று குற்றம் சாட்டி அவனிடம் கொடுத்த பி மெமோவையே, இத்தனை ஆண்டாக இந்நிலம் என் கையில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அவன் பத்திரப்படுத்தி வைத்தான்; பட்டா கேட்டு மனுப் போடும்போது அதையே முன்வைத்தான். அபராதச் சீட்டு ஆதாரச் சீட்டாயிற்று. வேலியும் குடிசையும் பயிரும் இல்லாத ஆட்டுக்காரனுக்கு அந்தச் சீட்டும் கிடைக்கவில்லை. ரெவினியூ போர்டின் நிலையான உத்தரவுகள் மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு ஆகியவற்றைப் பொதுப் புறம்போக்காகக் காக்க வேண்டுமென்று கூறினவேனும், அப்பாதுகாப்பு கிராமத்துக்கு அளிக்கப்பட்டதே அன்றி மேய்ப்பனுக்கு அளிக்கப்பட்டதன்று. கொங்கு நாட்டின் காங்கேயம் பக்கத்தில் முள்கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் பட்டா நிலமாகவே இருப்பதையும், மேய்ச்சலே அங்கு நில உடைமையின் ஒரு வகையாக நிற்பதையும் இதனோடு ஒப்பிடலாம்.

1912-13இல் அமைந்த காட்டுக் கமிட்டி சிறு காடுகளின் மேய்ச்சலைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் விட யோசனை கூறியது. இதே மாகாணத்தின் வடபகுதியான பல்நாட்டில் 1921-22இல் புல்லரி என்னும் மேய்ச்சல் வரியை மறுத்து நடந்த சத்தியாக்கிரகத்தில் கன்னெகண்டி ஹனுமந்து சுட்டுக் கொல்லப்பட்டார். தென்னார்க்காட்டில் அத்தகைய கிளர்ச்சி எழுந்ததாகப் பேசப்படுவதில்லை.

சுதந்திரத்திற்குப் பின் 1948இல் ஜமீன்தாரி ஒழிப்பும், 1963இல் இனாம் ஒழிப்பும், 1979 முதல் 1987 வரையில் நில உடைமைப் பதிவேடுகளைச் சீர்செய்யும் திட்டமும் வந்தன. 1980இல் பரம்பரைக் கர்ணம் வேலை ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆயினும் அடங்கலின் பத்திகள் பெரும்பாலும் மாறவில்லை. வீடு கட்டிப் பல ஆண்டு குடியிருப்போரின் ஆட்சேபமற்ற புறம்போக்கு ஆக்கிரமிப்பை வரன்முறை செய்து பட்டா கொடுக்க அரசு அவ்வப்போது ஆணையிட்டு வந்துள்ளது. மேய்க்கால் ஆட்சேபமுள்ள வகையைச் சேர்ந்தது. தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் 1993இல் தனியாகப் பிரிந்தது. வளவனூரை ஒட்டிச் செல்லும் புதுச்சேரிச் சாலையின் இருமருங்கும் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. கிராமப் பொதுநிலங்களை மீட்டுக் கொடுக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. தமிழ்நாட்டின் காடுகளில் கால்நடை மேய்ப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் முற்றாகத் தடுத்து, பின்னர் அத்தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் எனக் குறுக்கியது. கிடை மறிக்கும் கூலி இப்போது பெரும்பாலும் ரொக்கமாகவே பேசப்படுகிறது.